அஸ்தமனத்துக்குப் பின்

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சூரியாஸ்தமனம் பார்க்க வருகிறார்கள். அஸ்தமனத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்க நிற்பவர்கள் மிகச் சிலரே. இதை நான் பல வருஷங்களாகக் கவனித்து வருகிறேன். சூரிய பிம்பத்தின் கடைசி விளிம்பு கடலுக்குள் முழுகியதோ இல்லையோ, கொட்டகையில் படம் முடிந்து விளக்குப் போட்டுவிட்டது போல ஜனங்கள் எழுந்து, வேஷ்டியிலும் சேலையிலும் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு புறப்பட்டு விடுகிறார்கள். சங்கும் பாசிமணியும் விற்பவர்கள்கூடக் கூடையைக் கட்டத் தொடங்கி விடுகிறார்கள். மேற்கு வானத்திலோ அப்போதுதான் உண்மையான வேடிக்கை ஆரம்பமாகிறது. பொன்னாக இருந்தது செம்பாகிறது, செம்பு குங்குமமாகிறது, குங்குமம் நாவற்பழமாகக் கறுக்கிறது.

ஒரு மார்கழி மாலை. சுசீந்திரம் தேர் பார்ப்பதற்காக ஊருக்கு வந்திருந்த என் பேத்தியை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போயிருந்தேன். கோட்டாற்றில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பரும் கூட வந்திருந்தார். கூட்டம் கலைந்தது. பேத்தி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"பாட்டா, சூரியன்தான் போயாச்சே! வானத்துக்கு இன்னும் யாரு வெளிச்சம் காட்டுறா?" என்று கேட்டாள்.

"போன சூரியன்தான் மக்களே! அது இருக்கும்போது கண் கூசும், ஒன்றும் தெரியாது. போன பிறகுதான் காற்றிலே எவ்வளவு தூசி இருக்கு, மேகம் எவ்வளவு உயரத்திலே நிற்குது என்பதெல்லாம் தெரியும்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அந்தப் பதிலுக்குள் ஒரு பெரிய விஞ்ஞானமே அடங்கியிருக்கிறது என்பது பிறகுதான் மனத்தில் பட்டது. பிரபஞ்சத்தில் நிகழும் மிகப் பெரிய வெடிப்புகளைப் பற்றி மனிதன் இன்று அறிந்திருப்பதில் பெரும் பகுதி, வெடி அணைந்த பிறகு மங்கி மங்கி மறையும் செவ்வானத்தைப் பார்த்து அறிந்ததேயாகும். அப்படிப்பட்ட செவ்வானம் ஒன்றை, நம் தேசத்தில் நம்மவர் கட்டிய யந்திரம் ஒன்றும் பங்கு கொண்டு மூன்று வருஷத்துக்கு மேல் காவல் காத்த கதையைத்தான் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மண்ணில் தேடியது விண்ணில் கிடைத்தது

1963-ஆம் வருஷத்தில் வல்லரசுகள், ஆகாயத்திலும் கடலுக்கடியிலும் அணுகுண்டுச் சோதனை நடத்துவதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டன. உடன்படிக்கை செய்தவர்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை. யாராவது திருட்டுத்தனமாகக் குண்டு வெடித்தால் கண்டுபிடிப்பதற்காக அமெரிக்கா 'வேலா' என்ற துணைக்கோள்களை ஆகாயத்தில் ஏற்றிவிட்டது. அணுகுண்டு வெடிக்கும்போது காமாக் கிரணங்கள் வெளிப்படும். ரேடியோ அலை, கண்ணுக்குத் தெரியும் ஒளி, எக்ஸ்-ரே, காமா எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். அவற்றுள் காமா மிகவும் முரட்டுப் பிள்ளை. ரேடியோ மிகவும் சாதுப் பிள்ளை.

1967 ஜூலை 2-ஆம் தேதி அந்தத் துணைக்கோள்கள் ஒரு காமாத் துடிப்பைப் பதிவு செய்தன. ஆராய்ந்து பார்த்ததில், அது எந்த நாட்டுக் குண்டும் அல்ல என்று தெரிந்தது. அதைப் போல மேலும் பல துடிப்புகள் தென்பட்டன. அவை பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை. மனிதனுடைய குண்டைத் தேடப் போய் வானத்தின் குண்டு அகப்பட்டுவிட்டது! அதுவரை அகப்பட்டவற்றில் 16 வெடிப்புகளைப் பற்றிய கட்டுரை 1973-ல்தான் உலகத்துக்கு வெளியாயிற்று.

ஆனால் அவை எங்கே நிகழ்கின்றன? மேலும் இருபத்து நான்கு வருஷம் இந்தக் கேள்விக்கு விடை இல்லை. 1991 முதல் 2000 வரை சுற்றிவந்த காம்ப்டன் துணைக்கோள் 2,704 வெடிப்புகளைக் கண்டது. அவை வானத்தின் எல்லாத் திசைகளிலும் சமமாகச் சிதறிக் கிடந்தன. அவ்வளவுதான் தெரிந்தது. கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுச் சத்தம் கேட்டு நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் புகைகூடக் கலைந்து போய்விடுகிறதல்லவா? சில விநாடிகளிலோ சில நிமிஷங்களிலோ முடிந்துவிடும் வெடியை நோக்கி டெலஸ்கோப்பைத் திருப்ப யாருக்கு அவகாசம்?

1997-ல் திரை விலகிற்று. இத்தாலியரும் டச்சுக்காரரும் சேர்ந்து அனுப்பிய பெப்போசாக்ஸ் என்ற துணைக்கோள், பிப்ரவரி 28-ஆம் தேதி ஒரு வெடிப்பின் இடத்தைச் சில மணி நேரத்துக்குள் குறித்துக் கொடுத்தது. அந்த இடத்தில் ஒரு மங்கலான ஒளி மெல்ல மெல்ல அணைந்துகொண்டிருந்தது. வெடிக்குப் பின் நிற்கும் அந்த ஒளியைத்தான் விஞ்ஞானிகள் பின்னொளி என்கிறார்கள். மே 8-ஆம் தேதி நிகழ்ந்த அடுத்த வெடிப்பின் பின்னொளியைப் பகுத்துப் பார்த்தபோது, அது புறப்பட்டு ஏறக்குறைய 700 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன என்று தெரிந்தது. நம் பூமி பிறப்பதற்கு முன்னே கிளம்பிய வெளிச்சம் அது!

முட்டத்து விளக்கு

அவ்வளவு தூரத்திலிருந்து வந்தும் அவ்வளவு பிரகாசம் என்றால், வெடித்த பொருளின் சக்தி எவ்வளவு இருக்க வேண்டும்? கணக்குப் போட்டவர்களுக்குத் தலை சுற்றியது. சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் முழுவதையும் அப்படியே சக்தியாக மாற்றினாலும் சில வெடிப்புகளுக்குப் போதாது போல இருந்தது.

இந்தப் புதிருக்கு விடை நம் முட்டம் கடற்கரையில் நிற்கிறது. அங்கே உள்ள கலங்கரை விளக்கம் நடுக்கடலில் இருக்கும் மீனவருக்குக் கண் கூசும்படி தெரிகிறதே, அதற்குக் காரணம் என்ன? விளக்கின் வெளிச்சம் எல்லாத் திசைகளிலும் வீணாகச் சிதறாமல், கண்ணாடிகளால் ஒரு கற்றையாகத் திரட்டப்பட்டு வருவதுதான். காமா வெடிப்பும் அத்தகையதே. சூரியனைக் காட்டிலும் பல மடங்கு பெரிய ஒரு நட்சத்திரம், எரிபொருள் தீர்ந்து, தன் பாரத்தைத் தானே தாங்காமல் உள்ளே இடிந்து விழுகிறது. நடுவில் கருந்துளை பிறக்கிறது. அப்போது இரு துருவங்களின் வழியாகவும், ஏறக்குறைய ஒளியின் வேகத்தில், இரண்டு தாரைகள் பீறிட்டுக் கிளம்புகின்றன. ஒரு தாரை நம்மை நோக்கி இருந்தால்தான் வெடிப்பு நமக்குத் தெரியும். கற்றை என்று கொண்டு கணக்கைத் திருத்தியபோது தலைச்சுற்றல் ஒருவாறு நின்றது. அப்போதும் அது அற்பத் தொகை அன்று. சூரியன் தன் ஆயுள் முழுவதும், அதாவது சுமார் 1,000 கோடி ஆண்டுகளில், வெளியிடும் சக்தியை அந்தத் தாரைகள் சில விநாடிகளில் கொட்டித் தீர்த்துவிடுகின்றன.

பாய்ந்த தாரை, நட்சத்திரத்தைச் சூழ்ந்துள்ள மெல்லிய வாயுவில் மோதுகிறது. அங்கே எலெக்ட்ரான்கள் காந்தப் புலத்தில் சுழன்று ஒளி விடுகின்றன. இதுவே பின்னொளி. மோத மோதத் தாரையின் வேகம் குறைகிறது. கொல்லன் உலையிலிருந்து எடுத்த இரும்பு வெண்மையாக இருந்து, சிவந்து, பிறகு கறுத்த பின்னும் பக்கத்தில் கை கொண்டுபோனால் சுடுகிறதல்லவா? உவமை முற்றும் பொருந்தாது. ஆயினும் பின்னொளியும் அப்படிப் படிப்படியாக இறங்கி வருகிறது. முதலில் எக்ஸ்-ரேயில் சுடர்கிறது. பிறகு கண்ணுக்குரிய ஒளியில் தெரிகிறது. அதுவும் மங்கிய பிறகு, நாட்களும் வாரங்களும் கழித்து, ரேடியோ அலைகளில் மெல்லத் தலைதூக்கி, மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், தங்கி நிற்கிறது. குடும்பத்தின் முரட்டுப் பிள்ளை கத்திவிட்டு ஓடிப் போய்விட்டான். நடந்ததை நிதானமாக, கணக்குப் பிசகாமல் சொல்லுகிறவன் சாதுப் பிள்ளைதான்.

கண் சிமிட்டுவதும் சிமிட்டாததும்

சாதுப் பிள்ளை முதல் தடவை சாட்சி சொன்னது, மேலே சொன்ன 1997 மே மாதத்து வெடிப்பில்தான். அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோவில் உள்ள 27 கிண்ணங்கள் கொண்ட ரேடியோ டெலஸ்கோப்பில், டேல் பிரெயில் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அதைக் கவனித்து வந்தார்கள். ரேடியோ ஒளி ஒரு நாள் கூடியும் ஒரு நாள் குறைந்தும் தத்தளித்தது. ஏறக்குறைய ஒரு மாதம் கழிந்ததும் தத்தளிப்பு அடங்கிவிட்டது.

இதில் என்ன விசேஷம்? நட்சத்திரம் கண் சிமிட்டுகிறது. சுக்கிரனும் குருவும் சிமிட்டுவதில்லை. நட்சத்திரம் வெறும் புள்ளியாகத் தெரிவதால், அதன் ஒளியைக் காற்றின் அலைச்சல் ஆட்டி வைக்கிறது. கிரகத்துக்குச் சிறிது அகலம் உண்டு. ஆகையால் காற்றின் சேட்டை அதனிடம் பலிப்பதில்லை. அதைப் போலவே, நட்சத்திரங்களுக்கிடையே உள்ள மின்னூட்டம் பெற்ற வாயு ரேடியோ ஒளியைச் சிமிட்ட வைக்கிறது. பின்னொளி சிமிட்டுவதை நிறுத்தியது என்றால், புள்ளியாக இருந்தது அகன்றுவிட்டது என்று அர்த்தம்! எவ்வளவு அகன்றது என்று கணக்கிட்டார்கள்: சுமார் 1 லட்சம் கோடி கிலோமீட்டர். ஒரு மாதத்தில் அவ்வளவு விரிய வேண்டுமானால் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பாய்ந்திருக்க வேண்டும். தாரையின் வேகத்தைப் பற்றி அதுவரை ஊகமாக இருந்தது அன்று அளவாயிற்று. எந்தக் கண்ணாடியாலும் பெரிதாக்கிப் பார்க்க முடியாத ஒன்றை, அது கண் சிமிட்டுவதை நிறுத்திய நாளைக் கொண்டு அளந்தார்கள்.

துளையுள்ள வலை

இனி நம் தேசத்துக்கு வருவோம். ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று 1963-ல் அமெரிக்காவிலிருந்து திரும்பிவந்த கோவிந்த ஸ்வரூப் என்ற இளைஞர், ரேடியோ டெலஸ்கோப் கட்ட இடம் தேடினார். நீலகிரியில், உதகமண்டலத்துக்கு அருகில், வடக்கு தெற்காக 11 டிகிரி சரிந்த ஒரு மலைச் சரிவைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஊரின் அட்சரேகையும் 11 டிகிரிதான். ஆகவே சரிவில் படுக்க வைத்த நீண்ட யந்திரம், தானாகவே பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினால் போதும். உதயமாகி ஏறும் நட்சத்திரத்தைப் பல மணி நேரம் தொடரலாம். பணக்கார நாடுகள் பெரும் யந்திரங்களால் சாதிப்பதை ஒரு மலைச் சரிவைக் கொண்டு சாதித்தார் ஸ்வரூப். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள அந்த டெலஸ்கோப் 1970-ல் வேலை செய்யத் தொடங்கியது.

அவருடைய அடுத்த படைப்பு, புனாவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், கோடாத் என்ற கிராமத்தைச் சுற்றி எழுந்தது. 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள், 25 கிலோமீட்டர் பரப்புக்கு விரிந்து கிடந்து, ஒரே டெலஸ்கோப்பாக வேலை செய்கின்றன. இவ்வளவு பெரிய கிண்ணங்களைக் கனத்த உலோகத் தகட்டால் செய்தால் செலவும் தாங்காது, காற்றிலும் நிற்காது. ஸ்வரூப் என்ன செய்தார்? மெல்லிய எஃகுக் கம்பியை வலையாகப் பின்னி இழுத்துக் கட்டிவிட்டார்! வலையின் கண்கள் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை அகலம். காற்று அவற்றின் வழியே போய்விடும். ஆனால் அங்கே பிடிக்கப்படும் ரேடியோ அலைகளோ சுமார் இருபது சென்டிமீட்டர் முதல் மீட்டர் கணக்கில் நீளமானவை, அவை நழுவமாட்டா. மீனுக்குத் தக்க கண் வைத்து வலை பின்னத் தெரிந்த குமரிக் கரை மீனவரிடம் சொன்னால், "இதிலே என்ன அதிசயம்?" என்று கேட்பார். அதிசயம் என்னவென்றால், அந்த எளிமையே அதை உலகத்தின் முதன்மையான ரேடியோ டெலஸ்கோப்புகளில் ஒன்றாக்கியது. 2001 அக்டோபரில் அது தேசத்துக்கு அர்ப்பணம் செய்யப்பட்டது. 2020-ல் ஸ்வரூப் காலமானார். வலை இன்னும் விரிந்து நிற்கிறது.

வெடிப்பை முதலில் கண்டு சொல்ல ஆகாயத்தில் ஒரு காவற்காரன் வேண்டும். அதிலும் நமக்குப் பங்கு உண்டு. 2015 செப்டம்பர் 28-ஆம் தேதி பி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஏற்றிச் சென்ற ஆஸ்ட்ரோசாட் என்ற இந்தியத் துணைக்கோள், 2023 முடிவதற்குள் 600 காமா வெடிப்புகளைக் கண்டது. அந்த ராக்கெட்டின் திரவ எரிபொருள் எஞ்சின்களைச் சோதிக்கும் இடம், நம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் உள்ள மகேந்திரகிரி.

1,128 நாள்

2003 மார்ச் 29-ஆம் தேதி ஒரு காமா வெடிப்பு நிகழ்ந்தது. அரை நிமிஷத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிட்டது. அதன் ஒளி நம்மிடம் வந்து சேர 200 கோடி ஆண்டுகள் பிடித்திருந்தது. ஆனாலும் இத்தகைய வெடிப்புகளில் அது மிக அருகிலானது. சில நாட்களில் அதே இடத்தில் ஒரு சூப்பர்நோவாவின் அடையாளம் வெளிப்பட்டது. நட்சத்திரத்தின் மரணமே காமா வெடிப்பு என்பதற்கு ஐயமற்ற சாட்சி கிடைத்தது.

கோடாத் வலையும் அதை நோக்கித் திரும்பியது. பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் அப்போது ஆராய்ச்சி மாணவியாக இருந்த ரெஸ்மி லட்சுமியும் கூட்டாளிகளும் அந்தப் பின்னொளியை ஆராய்ந்து 2005-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அகலமாக ஒன்றும் குறுகலாக ஒன்றுமாக, இரட்டைத் தாரை கிளம்பியிருக்கலாம் என்ற கொள்கையை அதில் அவர்கள் பரிசோதித்தார்கள். பிற்பாடு அவர் ஆசிரியையாகச் சேர்ந்த விண்வெளி விஞ்ஞானக் கல்லூரி, நமக்கு அடுத்த திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது.

அந்த ரேடியோ ஒளியின் பலம் எவ்வளவு? சந்திரனில் ஒரு கைபேசியை வைத்துப் பேசினால், பூமியில் வந்து விழும் அதன் அலை இதைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு பலமாக இருக்கும். அவ்வளவு நலிந்த ஒளியை, உலகம் மறந்த பிறகும், வெடித்த 268-ஆம் நாளிலிருந்து 1,128-ஆம் நாள் வரை, ஹாலந்து தேசத்து வெஸ்டர்பார்க் டெலஸ்கோப்பும் நம் கோடாத் டெலஸ்கோப்பும் பின்தொடர்ந்தன. அதற்குள் தாரையின் வேகம் தணிந்து, கற்றையாக இருந்தது எப்பக்கமும் பரவத் தொடங்கியிருந்தது. கற்றையாக இருக்கும் வரை, நம் பக்கம் பார்க்கும் பகுதியை வைத்து ஊகம்தான் செய்யலாம். பரவிய பிறகோ மொத்தச் சக்தியையும் நேராகக் கணக்கிடலாம். அரை நிமிஷத்து வெடிக்கு ஐந்தொகை எழுத மூன்று வருஷமும் ஒரு மாதமும் காத்திருக்க வேண்டியிருந்தது.

வாத்தியாரின் கணக்கு

இவ்வளவையும் கடற்கரையில் நான் சொல்லி முடித்ததும் நண்பர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எல்லாம் சரி ஓய்! இதனாலே நமக்கு என்ன லாபம்?"

கணக்கு வாத்தியாருக்குக் கணக்கிலேயே பதில் சொல்ல வேண்டும் அல்லவா? முதலில் நஷ்டக் கணக்கையே சொன்னேன். 1997 ஜனவரி முதல் 2011 ஜனவரி வரை ரேடியோவில் தேடிப் பார்த்த 304 வெடிப்புகளைத் தொகுத்து, பூனம் சந்திரா என்ற நம் நாட்டுப் பெண் விஞ்ஞானியும் டேல் பிரெயிலும் 2012-ல் வெளியிட்டார்கள். பின்னொளி அகப்பட்டவை 95. மற்ற 209-இல் விடிய விடியக் காத்திருந்தும் ஒன்றும் இல்லை. "இங்கே இவ்வளவுக்கு மேல் வெளிச்சம் இல்லை" என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அதுவும் அறிவுதான்.

பிறகு லாபக் கணக்கு. 2017 ஆகஸ்டு 17-ஆம் தேதி, 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிக்கொண்டன. ஈர்ப்பு அலை வந்து 1.7 விநாடியில் ஒரு சின்னக் காமா வெடிப்பும் வந்தது. ஆனால் ரேடியோ ஒளி உடனே வரவில்லை. 16 நாள் கழித்தே தென்பட்டது. கோடாத் டெலஸ்கோப்பும் தொடக்கத்தில் வெறுங்கையோடு திரும்பி, மாதங்கள் சென்ற பிறகு அதைப் பிடித்தது. மங்குவதற்குப் பதில் அது ஐந்து மாதம் வரை வளர்ந்துகொண்டே போயிற்று! முட்டத்து விளக்கை நேரே பார்க்காமல் பக்கவாட்டில் நின்று பார்த்தால் எப்படியோ, அப்படி நாம் தாரைக்கு ஒதுக்குப்புறமாக நின்றிருந்தோம். பொறுத்திருந்து பார்த்ததால்தான் அது விளங்கிற்று. அந்த மோதலின் ஒளியில், கனமான தனிமங்கள் அங்கே பிறந்தன என்பதற்கான அடையாளம் இருந்தது. பொன் அந்த வகுப்பைச் சேர்ந்தது. நம் வீட்டுப் பெண்மணிகளின் தாலிக்கொடியில் உள்ள பொன்னுக்கும் இத்தகைய மோதல் ஒன்று தாய்வீடாக இருக்கலாம்.

"செலவு?" என்றார் வாத்தியார், விடாமல்.

தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல நாடுகள் சேர்ந்து கட்டிவரும் மாபெரும் ரேடியோ டெலஸ்கோப்பில் பங்கு கொள்ள, 2024 ஜனவரியில் இந்திய அரசாங்கம் 1,250 கோடி ரூபாய்க்கு அனுமதி அளித்த செய்தியைச் சொன்னேன். வாத்தியார் கண்ணை மூடி மனக்கணக்குப் போட்டார்.

"140 கோடிப் பேர் என்று வைத்தால், தலைக்கு ஒன்பது ரூபாய்கூட ஆகவில்லையே. ஒரு சாயாவுக்குக் காணாது!"

"பணம் கொடுத்தால் மட்டும் போதாது, அண்ணாச்சி. இருட்டு வேண்டியவர்களுக்கு இருட்டை விட்டுக் கொடுப்பது போல, இவர்களுக்கு ரேடியோ மௌனத்தையும் விட்டுக் கொடுக்க வேண்டும். நம் கைபேசிகளும், பெருகிவரும் துணைக்கோள்களும் போடும் இரைச்சலுக்கு நடுவே அந்த மெல்லிய குரல் அமுங்கிப் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்றும் கிடைக்காத இருநூறு இரவுகளைச் சலிக்காமல் உட்கார்ந்து கழிக்கும் பிள்ளைகள் வேண்டும். அவர்களை நாம்தான் வளர்த்துக் கொடுக்க வேண்டும்."

இதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. மேற்கே சுக்கிரன் சிமிட்டாமல் சுடர்ந்தது. தலைக்கு மேல் நட்சத்திரங்கள் சிமிட்டிக்கொண்டிருந்தன. பேத்தி ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டிக் காட்டி, "இது சிமிட்டுது; இது சிமிட்டல்லே" என்று தனக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். செவ்வானத்தில் நூலளவு சிவப்பு மட்டும் மிஞ்சியிருந்தது.

"போவோமா மக்களே? பாட்டி தேடுவாள்" என்றேன்.

"அது முழுசும் போகட்டும் பாட்டா" என்றாள் அவள்.

வாத்தியார் ஒன்றும் சொல்லாமல், தட்டிய மணலிலேயே மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.